மணிக்கூண்டில் 277 பேர்

'எங்கள் ஊர்' பகுதிக்கு இந்த முறை நான்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். வேலூர்க்காரன் என்றதும் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், 1806 சிப்பாய்க் கிளர்ச்சி என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் ஒரு கல்லைப் பற்றி. அதில் இரண்டு எண்கள் உள்ளன. வங்கியில் முப்பத்தைந்து வருடம் எண்களோடு குடும்பம் நடத்தியவன் என்பதால், அந்த இரண்டு எண்களும் என்னை விடுவதாக இல்லை.

லாங் பஜார் எப்போதும் நெரிசலான கடைத்தெரு. சின்ன வயதில் அப்பாவோடு மளிகை வாங்கப் போகும்போதெல்லாம் அந்த மணிக்கூண்டைப் பார்த்திருக்கிறேன். மணி பார்த்தேனே தவிர கல்லைப் பார்த்ததில்லை. பிற்காலத்தில் ஒரு மாஜி ராணுவத்தினர், பென்ஷன் வாங்க வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் போய் நின்று படித்தேன். கல்லில் ஆங்கிலத்தில் இருப்பதன் பொருள் இவ்வளவுதான்: வேலூர். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றார்கள். அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள்.

'பெரும் போர்' என்பது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர். அப்போது இரண்டாவது ஒன்று வரும் என்று யாருக்கும் தெரியாததால் அப்படி ஒரு பெயர்.

முதலில் என் கண்ணில் பட்டது 'கிராமம்' என்ற சொல். வேலூர் அப்போதே நகராட்சி. அதை ஏன் கிராமம் என்று வெட்டினார்கள்? விசாரித்தால், இதே வாசகம் கொண்ட கற்கள் இந்தியாவின் பல ஊர்களில் இருக்கின்றன. வாக்கியம் ஒன்றே. ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். வங்கியில் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்புவோமே, அதே மாதிரி.

இரண்டாவதாக, பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 277-இல் 14 என்றால் நூற்றுக்கு ஐந்து. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 74,000. அதுவும் நூற்றுக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் வருகிறது. ஆக, எங்கள் ஊர்க் கணக்கு நாட்டுக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப் போகிறது.

மூன்றாவது விஷயம் உறைக்கத்தான் எனக்கு நாளாயிற்று. கல்லில் ஒருவர் பெயர்கூட இல்லை. போன 277 பேரில் ஒருவர் பெயரும் இல்லை, செத்த 14 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. லெட்ஜரில் மொத்தம் இருக்கிறது, பதிவுகள் இல்லை. எங்கள் கிளையில் யாராவது அப்படி ஒரு லெட்ஜரைக் கொண்டுவந்து வைத்தால் ஆடிட்டர் அன்றைக்கு வீட்டுக்குப் போகவே மாட்டார்.

அந்தப் போரைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பெயர் 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு வந்து குண்டு போட்டு, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போயிற்று. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல் இருக்கிறது. நூறு வருடம் கழித்தும் கெட்டிக்காரப் பேர்வழியை 'சரியான எம்டன்' என்கிறோம். ஒரே ஒரு இரவு வந்துபோன எதிரிக் கப்பலின் பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது. போருக்குப் போன நம் ஆட்களின் பெயர் தங்கவில்லை.

அவர்கள் யார்? வேலூர்ப் பக்கம் படைக்கு ஆள் போவது பழைய வழக்கம். பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை இன்றைக்கும் 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். தாத்தா, மகன், பேரன் என்று வரிசையாகப் படையில் இருந்த வீடுகள் அங்கே உண்டு. இத்தனைக்கும் போருக்கு முந்தைய முப்பது வருடங்களில் பிரிட்டிஷ் தளபதிகள், வடக்கத்திய சில சாதியாரே போர்க்குணம் கொண்டவர்கள், தென்னிந்தியர் அதற்குத் தோதில்லை என்று சொல்லிச் சென்னைப் படையின் ஆள் எடுப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். போர் நீண்டு ஆள் பற்றாக்குறை வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப் போயிற்று. சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். மானாவாரி நிலத்தை நம்பி இருந்த குடும்பத்துக்கு மாதாமாதம் தவறாமல் வரும் 11 ரூபாய் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியப் படையில் மிக அதிகமானோர் போன இடம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் அங்கே போயிற்று. பாலம் கட்டுவது, சாலை போடுவது, குடிதண்ணீருக்கு வழி செய்வது எல்லாம் சாப்பர்களின் வேலை. குண்டு பட்டுச் செத்தவர்களோடு, வெயிலிலும் காலராவிலும் செத்தவர்களும் அங்கே ஏராளம்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் வேலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். ஒரு நாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை மேஜை மேல் வைத்தார்.

"எங்க மாமனாருது சார். மிலிட்ரில குடுத்தது. இதுக்கு எதுனா குடுப்பீங்களா?"

அப்ரைசர் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள். சுற்றிலும் விளிம்பில் ஏதோ எழுத்துகள் இருந்தன. "வெள்ளிதான் சார்" என்று என்னிடம் நீட்டினார்.

"வெள்ளி மேல கடன் கெடையாதும்மா. தங்கம் இருந்தா கொண்டாங்க" என்றேன்.

"தங்கம் இருந்தா இத ஏன் சார் எடுத்தாறேன்" என்று சொல்லி, மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். எதிர்ச்சாரியில் வெள்ளிக் கடைகள் இருந்தன. அவர் அந்தப் பக்கம்தான் போனார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். விதிப்படி நான் சொன்னது சரி. ஆனால் அந்த அம்மாவை இன்றைக்கும் நினைக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற இடங்களில் இந்த மாதிரி நினைவுச் சின்னத்தை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் உயர்ந்த தூண்களுக்கு நடுவே ஒரு வெண்கலச் சிப்பாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர் விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறந்த சின்னம் அது. ஜூலை 14 அன்று விளக்கு போட்டிருப்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம் தமிழர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அந்த வழக்கம் வந்தது பிரான்ஸிலிருந்து. அங்கே போர் முடிந்த சில வருடங்களுக்குள் ஏறக்குறைய 36,000 ஊர்களில் நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. 1919 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டு, ஊரின் மக்கள் தொகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விகிதத்தைக் கணக்கிட்டு அரசு மானியம் கொடுத்தது. மீதியை ஊர்க்காரர்கள் போட்டார்கள். இத்தனை ஊருக்கும் சிலை வேண்டுமென்றால் சிற்பிகளுக்கு எங்கே போவது? வார்ப்பாலைகள் விலைப்பட்டியல் அச்சடித்து விற்றன. யூஜின் பெனே என்ற சிற்பி செய்த, வெற்றி மாலையை உயர்த்திப் பிடித்த சிப்பாய் சிலை மட்டும் சுமார் 900 ஊர்களில் நிற்கிறது. அதே மீசை, அதே துப்பாக்கி, அதே மாலை. காமர்ஸ் படித்தவனுக்கு இதில் குறை சொல்லத் தோன்றாது. மொத்தமாகச் செய்தால் விலை குறையும்.

சிலை ஒரே அச்சு என்றால் அது எப்படி அந்த ஊருக்குச் சொந்தமாகும்? பீடத்தில் வெட்டிய பெயர்களால்தான். நூறு வீடு உள்ள ஊரிலும் செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வந்தால் அண்ணன் தம்பிகள் போனார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் பல ஊர்களில் அந்தப் பெயர்களை உரக்கப் படிக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் 'பிரான்ஸுக்காக உயிர் விட்டவர்' என்று பதில் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

சிலையைப் பற்றிச் சண்டை வந்த ஊரும் உண்டு. பிரான்ஸின் நடுப்பகுதியில் ஜென்ட்டியூ என்று ஒரு சின்ன ஊர். 1922-இல் அங்கே வைத்த சின்னத்தில் சிப்பாயே கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஓர் அனாதைப் பையன் நிற்கிறான். ஒரு கையில் தொப்பி. இன்னொரு கையை முஷ்டியாக மடக்கிக் கல்வெட்டை நோக்கி நீட்டியிருக்கிறான். கல்வெட்டு, 'போர் நாசமாய்ப் போக' என்று சபிக்கிறது. ஊர்த் தலைவர் அந்தப் போரில் விஷவாயு பட்டுத் திரும்பியவர். அரசுத் தரப்பில் யாரும் திறந்து வைக்க வரவில்லை. பக்கத்து முகாமுக்கு அந்த வழியாகப் போகும் படைவீரர்கள் சிலையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு இருந்ததாகச் சொல்வார்கள். பல வருடம் கழித்து, 1990-இல், அரசே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

அந்தச் சிலை சரியா தவறா என்று அறுபது எழுபது வருடம் சண்டை போட்டார்கள். ஆனால் அதே சின்னத்தில் இறந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. போரைப் புகழ்ந்தவர்களும் சபித்தவர்களும் பெயர்களை வெட்ட வேண்டும் என்பதில் ஒரே கட்சி.

அப்படியானால் நம் கல்லில் ஏன் எண் மட்டும்? இடம் இல்லை, செலவு அதிகம் என்று நினைத்தேன். 14 பெயர் வெட்ட எவ்வளவு இடம் வேண்டும்? நம் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் சங்க நிர்வாகிகள் பலகையில் அதைவிட அதிகப் பெயர் இருக்கிறது.

பெயர் தெரியாது என்பதும் இல்லை. பதினோரு ரூபாய் சம்பளமானாலும் பட்டியலில் பெயர் எழுதாமல் படையில் யாருக்கும் பட்டுவாடா ஆகாது. செத்தவர் குடும்பத்துக்குப் பென்ஷன் போக வேண்டும் என்றால் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் வேண்டும். ஆக, பெயர்கள் காகிதத்தில் இருந்தன. கல்லுக்கு வரவில்லை.

இது எங்கள் ஊர்க் கல்லோடு நிற்கிற விஷயம் இல்லை. பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறைகளுக்காக 1917-இல் ஓர் ஆணையம் ஏற்படுத்தினார்கள். சென்னையில் மவுண்ட் பூந்தமல்லி சாலையில், நந்தம்பாக்கத்தில் அழகாகப் பராமரிக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த ஆணையத்தின் பொறுப்பில் இருப்பதுதான். பதவி, இனம், மதம் பார்க்காமல் இறந்த எல்லோருக்கும் சம மரியாதை என்பது அதன் கொள்கை.

அந்தக் கொள்கையை நடத்திக் காட்டவும் செய்தார்கள். வடக்கு பிரான்ஸில் நவ் ஷப்பேல் என்ற இடத்தில் 1927-இல் திறந்த இந்திய வீரர் சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. சிப்பாய், சுபேதார் என்று வித்தியாசம் இல்லை.

இரண்டே வருடம் கழித்து, 1929-இல், ஈராக்கில் பஸ்ரா சின்னம் திறந்தார்கள். அங்கே நினைவுகூரப்படுபவர்கள் 40,000-க்கும் மேல், அதில் பெரும்பாலோர் இந்தியர். பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று எண்ணிக்கை. அதே அரசு, அதே படை, அதே போர். ஐரோப்பியர் வந்து பார்க்கிற இடத்தில் பெயர் வெட்டினார்கள். யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று நினைத்த இடத்தில் எண்ணை வெட்டினார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களான குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படாமல் போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்து வந்த மன்னிப்பு. பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று ஒத்துக்கொள்வதும் ஒரு தொடக்கம்தான்.

இனி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்குப் பஞ்சாப் ஒரு சாட்சி. லாகூர் அருங்காட்சியகத்தில் யாரும் தொடாமல் கிடந்த பதிவேடுகளில், அந்தப் போருக்குப் போன 3,20,000 பஞ்சாப்காரர்களின் விவரம் ஊர் ஊராக இருந்தது. அதில் மூன்று மாவட்டங்களின் பதிவுகளை 2021-இல் இணையத்தில் ஏற்றினார்கள். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பேரப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைத் தட்டிக் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். பஸ்ராவில் வெறும் எண்ணாக நின்ற சிப்பாய்களும் அதில் பெயரோடு இருக்கிறார்கள். சில பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் உண்டு. நம் பெயர்களை வெள்ளைக்காரர் அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், முனுசாமியை நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். கொஞ்ச நாளாக மதியத் தூக்கத்துக்குப் பதில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். வட ஆற்காடு என்று ஊர் குறித்த பதிவுகள் கண்ணில் படுகின்றன. மணிக்கூண்டின் 14 பேரையும் கண்டுபிடித்தாயிற்றா என்றால், இல்லை. ஒவ்வொன்றாகத்தான் வரும்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் இறந்தவர்கள் மட்டும். உயிரோடு திரும்பிய மீதி 263 பேர்? இங்கேதான் அந்த அம்மாவின் பதக்கம் வருகிறது.

ராஜா தலையும் குதிரை வீரனும் போட்ட அந்த வெள்ளிப் பதக்கம், போர் முடிந்ததும் பேரரசு முழுக்கக் கொடுக்கப்பட்ட போர்ப் பதக்கம். அதைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தப் பதக்கங்களின் விளிம்பில், வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொறித்தே கொடுத்தார்கள். அப்ரைசர் என் கையில் கொடுத்தபோது நான் பார்த்த எழுத்துகள் அவைதான். கல்லில் வெட்டாத பெயர் அந்த விளிம்பில் இருந்தது. என் விரல் அதன் மேல் பட்டது. நான் எடை மட்டும் யோசித்தேன்.

அந்த அம்மா அன்று வெள்ளிக் கடையில் விற்றாரா, வீட்டுக்குக் கொண்டுபோனாரா, தெரியாது. விற்றிருந்தால் அது கொலுசாகவோ குங்குமச் சிமிழாகவோ ஆகியிருக்கும். கடையைக் குறை சொல்ல முடியாது. பெயரைப் படிக்க வேண்டியவன் நான், படிக்கவில்லை.

அதனால்தான் இந்த இதழில் இதை எழுதினேன். நம் குடியிருப்பில் 180 வீடுகள். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, மதுரை, நெல்லை என்று எல்லாப் பக்கத்துக்காரர்களும் இருக்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலோ, சாமி அலமாரியின் மூலையிலோ தாத்தாவின் பதக்கம் ஒன்று கிடக்கலாம். வெள்ளியாக இருக்கலாம், வெண்கலமாகவும் இருக்கலாம். தயவுசெய்து விளிம்பைப் பாருங்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கும். உங்கள் ஊரில் இதுபோன்ற கல் இருந்தால் ஊருக்குப் போகும்போது ஒரு படம் எடுத்து, எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் காலத்தில் படைக்குப் போனவர்கள் யார் என்று கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் இருப்பேன். ஒரு புதிய நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், படைப்பிரிவு. பூதக்கண்ணாடியும் என்னிடம் இருக்கிறது.

(கட்டுரையாளர் சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்.)